சவரிமுத்து அங்கிள் சார்ஜ் போட்ட பேட்டரி

போன ஞாயிற்றுக்கிழமை ஷா ஆலமில் ஆபீஸ் நண்பர் குமரன் வீட்டுக்குப் போயிருந்தேன். மனிதர் புதிதாக மோட்டார்ஹோம் வாங்கியிருக்கிறார். கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும் ஓடுகிற வீடு. வாங்கிய ஜோரில் கேமரன்மலை வரைக்கும் ஒரு முறை போய்விட்டு வந்து வாசலில் நிறுத்திப் பூட்டியவர், ஒன்றரை மாதம் கழித்து எனக்குக் காட்டுவதற்காகத்தான் கதவைத் திறந்தார். ஒரு வாடை வந்தது பாருங்கள். ஈர மெத்தை, பழைய ரப்பர், தொட்டியில் தேங்கிய தண்ணீர், எப்போதோ தாளித்த கறிவேப்பிலை எல்லாம் சேர்ந்து புழுங்கிய வாடை. குமரன் மூக்கைப் பிடித்துக்கொண்டார். நான் பிடிக்கவில்லை. எனக்கும் அந்த வாடைக்கும் பழைய பழக்கம் உண்டு.

"சார், நீங்க ஏழெட்டு வருசம் வச்சிருந்தீங்கல்ல? எப்படி சார் பார்த்துக்கிட்டீங்க?"

அவ்வளவுதான், நான் ஆரம்பித்துவிட்டேன். பயணம் முடிந்து வந்த அன்றைக்கே தண்ணீர்த் தொட்டியை வடித்துக் குழாய்களைத் திறந்து விட வேண்டும் என்றேன். ஃபிரிட்ஜைத் துடைத்து, கதவு மூடாதபடி நடுவில் துணியை மடித்துச் செருக வேண்டும். மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி நிறுத்த வேண்டும். அலமாரிக்குள் டின்னில் அடுப்புக்கரி போட்டு வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை எஞ்சினை ஓடவிட்டு, வண்டியை முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் டயர் ஒரே இடத்தில் அமுங்கிப் போகும். மழைக்காலத்துக்கு முன்னால் கூரை மேலே ஏறி, இடுக்குகளை அடைத்த சிலிக்கோன் பசை எங்காவது விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். குமரன் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டார்.

"யப்பா, பெரிய ஆளு சார் நீங்க! யார்ட்ட கத்துக்கிட்டீங்க?"

"எல்லாம் அனுபவந்தான் லா," என்றேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கே என் மேல் அசிங்கமாக இருந்தது. நான் சொன்னதில் ஒன்றுகூட என் அனுபவம் கிடையாது. அத்தனையும் சவரிமுத்து அங்கிள் செய்தது. அவர் செய்யும்போது நான் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடித்திருக்கிறேன், அதுதான் என் அனுபவம். அவர் பெயரைச் சொல்ல ஒரு விநாடிகூட ஆகியிருக்காது. ஆனால் அந்தப் பெயரை எடுத்தால் அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்துவிடும் என்று எனக்குப் பயம். குமரனிடம் சொல்லாததை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் அப்போது கிள்ளானில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருந்தோம். வண்டி செகண்ட் ஹேண்ட். சின்ன லோரியின் முதுகில் வெள்ளைப் பெட்டி கட்டியது. தாமானே பொறாமையில் வேகும் என்று நினைத்துக்கொண்டு மெதுவாக, எல்லாரும் பார்க்கும்படி ஓட்டி வந்தேன். சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் பின்னாலேயே துரத்தி வந்து, "அங்கிள், என்னா ரோத்தி இருக்கு? காயா ரோத்தி இருக்கா?" என்று கேட்டார்கள். ரொட்டியும் காயா ஜாமும் விற்கும் வண்டி என்று நினைத்துவிட்டார்கள். அன்றைக்கு வைத்த பெயர்தான், கடைசி வரைக்கும் அது ரோத்தி லோரி.

அதைவிடப் பெரிய கூத்து, அதை நிறுத்த என்னிடம் இடம் இல்லை. எங்களுடையது வரிசையில் நடுவீடு. கார் நின்றாலே கேட்டை மூட மூச்சைப் பிடிக்க வேண்டும். வாங்கும் முன்னால் வண்டியின் நீளத்தை அளந்தேன், உயரத்தை அளந்தேன், என் வீட்டு வாசலை மட்டும் அளக்கவில்லை. என் மனைவி சாந்தி வாசலில் நின்று வண்டியைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

சவரிமுத்து அங்கிள் அப்போதுதான் வந்தார். எங்கள் வரிசையின் கடைசி வீடு அவருடையது, கார்னர் லோட்டு. பக்கவாட்டில் சுவரோரம் புல்தரை சும்மா கிடந்தது, ஒரு ரம்புத்தான் மரத்தோடு. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, ரயில்வேயிலேயே எஞ்சின்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். ஆள் ஒல்லி, குரல் பெரிசு. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"ஏமாந்துட்டீங்க தம்பி. சரி, நம்ம சைட்ல நிப்பாட்டுங்க. சாவியக் குடுத்துட்டுப் போங்க."

இடத்தைத்தான் கேட்க நினைத்திருந்தேன். அவர் வண்டியையே எடுத்துக்கொண்டார். நாங்கள் வருடத்தில் மூன்று தடவை வெளியே போனால் அதிகம். தெரங்கானு கடற்கரை, கேமரன்மலை, தைப்பூசத்துக்குப் பினாங்கு. மற்ற நாளெல்லாம் அது அவருடைய வண்டி. சனிக்கிழமை காலை பூசைக்குப் போகிற மாதிரி குளித்து, சட்டை மாற்றி, வந்து எஞ்சினை எடுப்பார். இருபது நிமிடம் ஓடும். ஒரு முழம் முன்னே, ஒரு முழம் பின்னே. பானெட்டைத் திறந்து எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். தன் வீட்டுச் சுவரில் புதிதாக ஒரு பிளக் வைத்து, அதிலிருந்து நீளமான ஆரஞ்சு ஒயர் இழுத்து, வண்டிக்குள் இருந்த பெரிய பேட்டரிக்கு சார்ஜ் போட்டு வைப்பார். அந்த பேட்டரியில்தான், இன்வெர்ட்டர் வழியாக, உள்ளே விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடும். சார்ஜ் நிரம்பியதும் ஜன்னலோரம் அரிசி அளவில் ஒரு பச்சை விளக்கு எரியும். எரிந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும் என்று பிலோமினா ஆன்டி சொல்லிச் சிரிப்பார்.

ஆன்டி அவருடைய மனைவி. "எனக்கு ஒரு தலவலின்னா திரும்பிப் பார்க்க மாட்டாரு தம்பி, ஒங்க லோரிக்கு ஒரு சத்தம் வந்தா ராத்திரி சாப்பாடு எறங்காது," என்று என்னிடமே புகார் சொல்வார். மத்தியான வேளைகளில் அங்கிள் ரேடியோவும் பேப்பருமாக வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்வதும் எனக்குத் தெரியும். கேட்டால் "காத்தோட்டத்துக்குக் கதவத் திறந்து வச்சேன்" என்பார். மெத்தை இடுக்கில் கச்சான் தோல், வேர்க்கடலைத் தோல்தான், கிடக்கும். நானும் கண்டுகொள்ள மாட்டேன், அவரும் கண்டுகொள்ள மாட்டார்.

ஒரு முறை, தெரங்கானுவுக்குக் கிளம்பும்போது கேட்டார். "ஓடுறப்ப உள்ள உக்கார்ந்தா எப்படி இருக்கும் தம்பி? ஆடுமா?"

"லேசா ஆடும் அங்கிள்," என்று சிரித்துவிட்டு சாவியை வாங்கிக்கொண்டேன். வாங்க, நீங்களும் ஆன்டியும் ஒரு தடவை வாங்க என்று என் வாயில் வரவில்லை. வேண்டுமென்றே விட்டதில்லை, தோன்றவே இல்லை. எது மேலானது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஏழு வருடம் அந்த வண்டியை உயிரோடு வைத்திருந்தவர் அதில் தாமான் வாசலைக்கூடத் தாண்டியதில்லை.

இனி நான் சொல்லத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஏழாவது வருடம் சாந்திக்கு ஒரு ஆபரேஷன் ஆகி, நல்லபடியாகப் பிழைத்தாள். தைப்பூசத்துக்குப் பினாங்கில் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். ஒரு மண்டலம் விரதம். வீட்டில் கவிச்சி இல்லை, தரையில் படுக்கை, பாத்திரம்கூடப் புதிது. வண்டியையும் விரதத்தில் சேர்த்துவிட்டோம். முனீஸ்வரன் கோயிலுக்கு ஓட்டிப் போய்ப் பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, உள்ளே வேலும் முருகன் படமும் வைத்துக் கொண்டு வந்து சுவரோரம் நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். திங்கட்கிழமை அங்கிள் சார்ஜ் போட்டுவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். புதன்கிழமை காலை குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விரதத்தில் இருப்பவர்கள் சாவு வீட்டுக்குப் போக மாட்டார்கள். அது அந்த வரிசையில் எல்லாருக்கும் தெரியும், கத்தோலிக்கர்களான அவர்களுக்கும் தெரியும். நான் ரோட்டிலேயே நின்று கைகூப்பினேன். ஆன்டி உள்ளே இருந்தபடியே "போங்க தம்பி, நிக்காதீங்க" என்று கையைக் காட்டினார். மகள் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர முடியும். செத்தால் ஊசி போட்டுத் தன்னைப் பதப்படுத்தக் கூடாது என்று அங்கிள் பல தடவை சொல்லி வைத்திருந்தாராம். அதனால் வாடகைக்கு ஐஸ் பெட்டி கொண்டு வந்து அதில் கிடத்தியிருந்தார்கள். பெட்டிக்குக் கரண்ட் வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் கிள்ளானில் பெய்த மழை, பேய் மழை. ஒரு இடி இடித்தது, தாமான் முழுக்க கரண்ட் போய்விட்டது. அரை மணி நேரம் ஆகியிருக்கும். என் வீட்டு கேட்டுக்கு வெளியே அவர்கள் மகன் டேனி குடையில்லாமல் நின்றான். அங்கேயே நின்றான், கேட்டைத் தொடவில்லை.

"அண்ணே, கரண்ட் வர நாலஞ்சு மணி நேரம் ஆவுமாம். ஐஸ் பெட்டிக்காரரு ஜெனரேட்டர் எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு, ஆனா ரோட்ல வெள்ளம், அங்கயே மாட்டிக்கிட்டாரு. பெட்டி ரொம்ப நேரம் தாங்காதாம்."

"ஐயோ," என்றேன்.

"ஒங்க வண்டியிலருந்து கரண்ட் எடுக்கலாம்ல? ஒயர் அங்கயேதான் கெடக்கு. பெட்டிய அதுல மாட்டிட்டா போதும். நீங்க வெரதம்னு தெரியும்ணே. நீங்க வர வேணாம். சாவிய மட்டும் இங்க வச்சிட்டுப் போங்க, நான் எடுத்துக்கிறேன். உள்ள சாமி படத்தத் தொட மாட்டேன்."

பாருங்கள், என் தரப்பில் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் அவனே சொல்லி, அவனே வழியும் விட்டுவிட்டான். அப்பன் செத்துக் கிடக்கும்போது என் விரதத்துக்குப் பழுது வராமல் பார்த்துக்கொள்ளும் பிள்ளை. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

"பேட்டரி வீக்கா இருக்கு டேனி," என்றேன்.

"அப்பா திங்கக்கெழமதான சார்ஜ் போட்டாரு?"

"போட்டாரு. ஆனா சரியா ஏறல போல. அவ்வளவு லோடு தாங்காது."

அவன் தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. "ஓ... சரிண்ணே. சாரிண்ணே, சும்மா கேட்டுப் பார்த்தேன்," என்று சொல்லிவிட்டுப் போனான். என்னிடம் சாரி கேட்டுவிட்டுப் போனான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். தீட்டு என்பது ஒரு காரணம், பொய்யில்லை. பூசை போட்ட வண்டியிலிருந்து ஒயர் போய்ப் பிணப்பெட்டியில் சேருவதை நினைக்க எனக்கு உடம்பு கூசியது. ஆனால் அது மட்டும்தானா? பேட்டரி காலியாகிவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் ஏறுமா, பினாங்கில் ஃபேன் ஓடுமா என்றும் ஒரு பக்கம் கணக்குப் போட்டேன். சாமியை முன்னால் நிறுத்திவிட்டு என் சௌகரியம் பின்னால் ஒளிந்துகொண்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மழை இருட்டில் தாமான் முழுக்க ஒரு வெளிச்சம் இல்லை. கார்னர் வீட்டுச் சுவரோரம் அந்தப் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் டேனி அதைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். பார்த்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஜெனரேட்டர் கொடுத்தது காக் ரோஸ். எதிர் வரிசை மலாய்க்கார அம்மா. பாசார் மாலாமில், இரவுச் சந்தையில், வாழைப்பழம் பொரித்து விற்பவர். அன்றைக்கும் சந்தைக்குச் சாமான் எல்லாம் வேனில் ஏற்றியாகிவிட்டது. விஷயம் கேள்விப்பட்டதும் வேனைத் திருப்பி நேரே கார்னர் வீட்டு வாசலில் கொண்டு போய் நிறுத்தி, புருஷனும் பொண்டாட்டியுமாக ஜெனரேட்டரை இறக்கினார்கள். ஆன்டி என்னவோ சொல்ல வந்தபோது, "பாக்காய் லா டுலு, பாக்காய்," முதலில் உபயோகப்படுத்துங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு அங்கேயே நாற்காலி அடுக்க ஆரம்பித்துவிட்டார். அந்த ஜெனரேட்டர் சத்தம் என் வீட்டுக் கூடம் வரை கேட்டது. நான் கதவைச் சாத்தினேன், அப்புறமும் கேட்டது.

சாந்திக்கு இது எதுவும் தெரியாது. பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வந்து, "என்னங்க சத்தம்?" என்றாள். சொன்னேன். பொய்யையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவளிடம் எனக்கு மறைக்க வராது. அவள் கையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள்.

"வெரதம் என்னுது," என்றாள் கடைசியில். "என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே ஒயரக் கொண்டு போய் மாட்டியிருப்பேனே."

இரண்டு நாள் கழித்துப் பினாங்குக்குப் போனோம். போகாமல் இருந்திருக்கலாம்தான். வேண்டுதலை விடுவதற்கும் பயம். பால்குடத்துக்கு வாங்கிய பால், வண்டியின் ஃபிரிட்ஜில் இருந்தது. வழியில் ஓய்வு நிறுத்தத்தில் கதவைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. பேட்டரி அப்போதும் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. மூன்று நாளும் ஒரு குறை வைக்கவில்லை. சாந்தி பால்குடம் எடுத்துக்கொண்டு படியேறினாள், நான் பக்கத்தில் நடந்தேன். எல்லாரும் வேல் வேல் என்று கத்தினார்கள், எனக்கு வாய் திறக்கவில்லை.

திரும்பி வந்து வண்டியை அதே சுவரோரம் நிறுத்தினேன். வேறு இடம் ஏது? மறுநாள் வேலைக்குப் போகும்போது பார்த்தால், ஆரஞ்சு ஒயர் பிளக்கில் மாட்டியிருந்தது. ஆன்டிதான். கறுப்புப் புடவையோடு வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "அவரு இருந்தா மாட்டியிருப்பாரு," என்றார். சனிக்கிழமை நான் எஞ்சினை எடுத்தேன். இருபது நிமிடம் என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்தில் அணைத்தேன். அடுத்த சனிக்கிழமை ஆபீஸ் வேலை என்று சாக்கு. டயர் அமுங்க ஆரம்பித்தது. அலமாரியில் பூசணம் பூத்தது. கச்சான் தோல் ஒன்று மெத்தை அடியில் கிடைத்தது, அதை எடுத்து எறியவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் தெரியாமல் மறுபடி அங்கேயே போட்டேன்.

டேனிக்கு ஜொகூரில் வேலை கிடைத்தது. வீட்டை விற்றார்கள். ஆன்டி மகளோடு பெர்த்துக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். கிளம்பும் அன்றைக்கு ஆன்டியே எங்கள் வீட்டுக்கு வந்தார். சாந்தியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சாந்தி தேத்தண்ணி போட உள்ளே போனதும் என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"தம்பி, ரொம்ப நாளா ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு. அன்னிக்கு ஒங்க வண்டியில பேட்டரி சரியா ஏறலன்னு டேனி வந்து சொன்னான். கடைசி ஒரு மாசமா அவருக்கு மூச்சு வாங்கிக்கிட்டேதான் இருந்துச்சு. என்ட்டகூட சொல்லல. அதான் ஒங்க வேலைய ஒழுங்காச் செய்யாம விட்டுட்டாரு போல. நீங்க நம்பிக் குடுத்த வண்டி. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆன்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பதில் வேண்டி.

"பரவால்ல ஆன்டி, அதனால என்ன," என்றேன்.

மன்னித்துவிட்டேன், பாருங்கள். ஆன்டியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

கார்னர் வீட்டை வாங்கியவர் ரம்புத்தான் மரத்தை வெட்டி, சுவரை இரண்டு ஆள் உயரத்துக்கு ஏற்றி, புல்தரையில் சிமெண்ட் போட்டுவிட்டார். வண்டியைக் கொஞ்ச நாள் ஷா ஆலம் பக்கம் ஒரு வாடகை யார்டில் போட்டு வைத்தேன். அங்கே அதற்கு ஒரு நம்பர்தான், ரோத்தி லோரி என்று கூப்பிட யாரும் இல்லை. கூரை ஒழுகிப் பாதிக்கு மேல் கெட்ட பிறகு, வந்தவரிடம் தள்ளிவிட்டேன். காக் ரோஸ் பிள்ளைகளோடு மலாக்கா போய்விட்டார். நாங்களும் பெட்டாலிங் ஜெயாவில் பதினான்காவது மாடிக்கு வந்துவிட்டோம். இங்கே யார் வீட்டுச் சாவியும் யாரிடமும் இல்லை. பெர்த்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். போன வருடம் டேனி செய்தி அனுப்பினான், அம்மா தூக்கத்திலேயே போய்விட்டதாக. அந்த மனுசன் செய்த கடைசி வேலையில் குறை வைத்துவிட்டுப் போனார் என்று நம்பிக்கொண்டே ஆன்டி போய்ச் சேர்ந்துவிட்டார்.